தந்தை பெயர்: நைனா

போன மாதம் பிரியா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அலுவலகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். வாடிக்கையாளரோடு நாம் பேசுவதை அது கேட்டுக்கொண்டே இருக்கும்; பேசி முடித்து டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவருக்கு என்னென்ன வேண்டும், எத்தனை படிவம், எந்தப் படிவத்தில் எந்தெந்தக் கட்டம் என்று நாற்பது பக்கம் எழுதி வைத்துவிடுமாம். நான் இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. பிரியா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். எனக்கு வருத்தமில்லை, வேலை மிச்சம் என்றேன்.

இந்த வேலையை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று அலுவலக மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை, ஒரு ஆடிக்கிருத்திகை அன்று நான் செய்த தப்பைப் பற்றி வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். மலருக்கு அது சரிப்படுமா என்று அவள் இழுத்தாள். சரிப்படாவிட்டால் போட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் பிறந்தது பொதட்டூர்பேட்டையில். வீட்டில் இரண்டு விசைத்தறி. தமிழ் பேசும் வீடுதான், ஆனால் ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்பதால் அப்பாவை நைனா என்போம், அக்கா புருஷனைப் பாவா என்போம். இதை இங்கேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். திருவள்ளூரில் ஒரு அலுவலகத்தில் தட்டச்சு வேலை கிடைத்தது. ஒருநாள் என் தட்டச்சு இயந்திரத்தை எடுத்துவிட்டு அந்த மேசையில் ஒரு கணினியை வைத்தார்கள். அதை எப்படி முடுக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கற்றுக்கொள்ளாவிட்டால் என்னையும் ஒருநாள் இப்படித் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் சனி ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன்.

மூன்று வருடப் படிப்பையும் ரயிலில்தான் படித்தேன் என்று சொல்லலாம். மணவூர் வரும்வரை கையை நீட்ட இடம் இருக்கும், அதற்குப் பிறகு புத்தகத்தைப் பிரிக்க முடியாது. வகுப்பில் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்கள். கணக்குப் பாடங்களில் தட்டுத் தடுமாறித் தேறினேன். எனக்குப் பிடித்த பாடம் ஒன்றுதான் இருந்தது. வணிக அமைப்புப் பகுப்பாய்வும் தகவல் அமைப்பு வடிவமைப்பும் என்று அதற்கு நீளமாகப் பெயர். ஒரு இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு அதற்குத் தோதாகக் கணினியில் எதை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான் பாடம். பாத்திரம் கழுவும் இடத்தைப் பார்க்காமல் சமையலறை கட்டினால் என்ன ஆகும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பாடம் எடுத்தவர் கோமதி மேடம். குள்ளமான ஆள், கைத்தறிப் புடவை, கூந்தலில் பூ இருக்கிறதோ இல்லையோ, ஒரு பென்சில் செருகியிருக்கும். பேனாவால் திருத்த மாட்டார். நாங்கள் வரைந்து கொண்டுபோகும் படிவத்தை வாங்கி மேசையில் வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பென்சில் முனையை நிறுத்திக் கேட்பார். இதை யார் எழுதுவார்கள்? எப்போது எழுதுவார்கள்? அப்போது அவர்கள் கையில் வேறு என்ன இருக்கும்? மூன்றுக்கும் பதில் சொல்லாத கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். புள்ளிகளை எண்ணிக்கொண்டு நாமே திரும்ப வேண்டியதுதான். மூன்றாவது கேள்விதான் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். கையில் என்ன இருந்தால் இவருக்கு என்ன என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம்.

கடைசி வருடம் ஆளுக்கொரு திட்டப்பணி செய்ய வேண்டும். நான் ஆடிக்கிருத்திகையை எடுத்துக்கொண்டேன். திருத்தணியில் அந்த நாட்களில் காவடியும் கூட்டமுமாகச் சாலையே தெரியாது. வருடா வருடம் பிள்ளைகள் தொலைந்து போவதும், ஒலிபெருக்கியில் அழைப்பதும், மலைக்கு மேலே பெற்றவர்களும் மலைக்குக் கீழே பிள்ளையுமாக அரை நாள் தேடுவதும் வழக்கம். கைப்பேசி எல்லார் கையிலும் வராத காலம். தொண்டர் குழு ஒன்று மேலே ஒரு கூடமும் கீழே குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடமும் வைத்திருந்தது. இரண்டு இடத்தின் தகவலையும் ஒரு கணினியில் சேர்த்துப் பொருத்திப் பார்த்தால் நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்பது என் யோசனை. மேடத்துக்கும் பிடித்திருந்தது. முதலில் ஒரு விழாவுக்குப் போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்து பாருங்கள், ஒரு கேள்வியும் கேட்காதீர்கள் என்றார்.

"நான் அந்த ஊர்தான் மேடம்" என்றேன்.

"அதான் பயமா இருக்கு" என்றார்.

நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. பத்து வருடமாகப் பார்க்காததா என்ற நினைப்பு. வீட்டிலேயே படிவம் வரைந்தேன். காணவில்லை என்று வருபவர்களுக்கு ரோஸ் தாள், கிடைத்த பிள்ளைகளுக்குப் பச்சைத் தாள். பெயரைப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்தேன், ஏனென்றால் பிள்ளைகள் செல்லப் பெயரைத்தான் சொல்லும். இவ்வளவு சாமர்த்தியமாக யோசித்தவள் அதற்குப் பதிலாக வைத்தது ஐந்து கட்டம்: வயது, ஆணா பெண்ணா, முடி, துணியின் நிறம், தந்தை பெயர். ஐந்தில் நான்கு ஒத்துப்போனால் கணினி பொருத்தம் என்று சொல்லி, அந்தப் பதிவை முடிந்தது என்று குறித்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். படிவத்தில் இதர விவரம் என்று ஒரு கட்டம் முதலில் இருந்தது. அதில் எழுதுவதைக் கணினியால் ஒப்பிட முடியாது என்பதால் நீக்கிவிட்டேன். மேடம் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தார். நான் காரணம் சொன்னேன். புள்ளியை அவர் அழிக்கவில்லை.

ஆடிக்கிருத்திகை அன்று கீழ்க்கூடத்தை ஒரு பள்ளி வகுப்பறையில் வைத்திருந்தோம். பிளக் பாயின்ட் பின்சுவரில்தான் இருந்தது. அதனால் கணினி சுவரோரம், நான் சுவரைப் பார்த்து, எனக்குப் பின்னால் பெஞ்சில் கிடைத்த பிள்ளைகள். பச்சைத் தாள் நிரப்ப என் வகுப்புத் தோழி ஜெயந்தி வந்திருந்தாள், நாகர்கோவில்காரி. மேல்கூடத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் ரோஸ் தாள் நிரப்பினார். அரை மணிக்கு ஒருதரம் ஒரு தொண்டர் அந்தத் தாள்களைக் கீழே கொண்டுவருவார். கோமதி மேடம் முதல் ரயிலில் வந்து, கதவோரம் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் செய்யாததை அவர் செய்தார். காலையிலிருந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எட்டு மணி வாக்கில் இரண்டு பிள்ளைகள் ஒழுங்காகப் பொருந்தின. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதரைக்குப் பிறகுதான் ஊர் தன் வேலையைக் காட்டியது. ஆடிக்கிருத்திகைக்கு வருபவர்கள் மொட்டை போடுவார்கள். மொட்டை போட்டுக் குளித்து மஞ்சள் துணி உடுத்துவார்கள். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் அத்தனையும் மொட்டை, அத்தனையும் மஞ்சள், தலையில் சந்தனம். முடிக்கு ஒரு கட்டம், துணிக்கு ஒரு கட்டம் வைத்தவள் திருத்தணிக்காரி. வெளியூர்க்காரி யாராவது வைத்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

போதாததற்குத் தந்தை பெயர். எங்கள் பக்கத்துப் பிள்ளையிடம் அப்பா பேர் என்ன என்று கேட்டால் நைனா என்றுதான் சொல்லும். ஜெயந்தி அதை ஒரு பெயர் என்று நினைத்து வரிசையாக எழுதிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் நைனா என்ற பெயர் அதிகம் போலிருக்கிறது என்று மதியம் என்னிடம் சொன்னாள். நானும் காலையிலிருந்து நைனா நைனா என்று அதே பெயரைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். என் நைனாவை நைனா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் நான். பாழாய்ப்போன தட்டச்சர் பழக்கம், தாளில் இருப்பதை விரல் அடித்துவிடும், தலைக்கு ஏறாது.

பத்தே முக்காலுக்குக் கணினி ஒரு பொருத்தம் காட்டியது. பச்சைத் தாளில் சின்னி என்று ஒரு பிள்ளை: நான்கு வயது, ஆண், மொட்டை, மஞ்சள், தந்தை பெயர் நைனா. வாலாஜா பக்கத்திலிருந்து வந்த ஒருவர் தன் மகனைக் காணோம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நான்கு கட்டமும் கச்சிதமாக ஒத்துப்போயின. ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம். நான் அடுத்த தாளை எடுத்துவிட்டேன். அந்த மனிதர் ஓடி வந்ததும், பெஞ்சைப் பார்த்து இது எங்க பிள்ளை இல்லீங்க என்று ஜெயந்தியிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனதும் எனக்குப் பின்னால் நடந்தன. பொருந்தவில்லை என்று வந்து சொல்ல என் படிவத்தில் இடமில்லை, அதனால் ஜெயந்தியும் என்னிடம் சொல்லவில்லை. அவர் மகனை அவர் மனைவியே குளத்தங்கரையில் கண்டுபிடித்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. அது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் பையனின் பதிவையும் நான் முடித்து வைத்திருந்தேன்.

பதினொன்றுக்கு வந்த ரோஸ் தாள்களில் ஒன்று அமுதா என்ற பெண் கொடுத்தது. மகள் பெயர் தேவிகா, நான்கு வயது, பெண், இரட்டை ஜடை, பச்சைப் பாவாடை, தந்தை பெயர் முனிரத்தினம். தட்டச்சு செய்தேன். பட்டியலில் எதோடும் ஒட்டவில்லை. பன்னிரண்டுக்கு மேலிருந்து கேட்டனுப்பினார்கள், இல்லை என்றேன். ஒன்றுக்கும் கேட்டனுப்பினார்கள். தாய் கைக்குழந்தையோடு அங்கேயே நிற்கிறாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தாள் கொண்டுவந்த தொண்டர் சொன்னார். கிடைத்தவர்கள் பட்டியலை மறுபடி முழுக்கப் படித்துப் பார்த்தேன். இரட்டை ஜடை போட்ட பெண் பிள்ளை யாரும் இல்லை. குளத்தை நினைத்துக்கொண்டே இன்னொரு முறை மேலிருந்து படித்தேன்.

அப்போதுதான் கோமதி மேடம் அன்றைய முதல் கேள்வியைக் கேட்டார்.

"அந்தக் குழந்தை காலைலேர்ந்து ஏன் இங்கயே உக்காந்திருக்கு?"

அவர் காட்டிய பக்கம் நான் திரும்பவில்லை. பட்டியலைப் பார்த்தேன். சின்னி, பத்தே முக்கால்.

"அது முடிஞ்சிருச்சு மேடம்" என்றேன்.

அவர் கை பெஞ்சுப் பக்கமே நீண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். பெஞ்சின் கடைசியில் மஞ்சள் துண்டை வேட்டியாகக் கட்டிக்கொண்டு ஒரு மொட்டைப் பிள்ளை. ஜெயந்தி கொடுத்த பிஸ்கட்டைத் தின்னாமல் கையில் பிடித்திருந்தது. வியர்வையில் ஒட்டி பிஸ்கட் பாதி கரைந்திருந்தது. வீட்டுக்குப் போய்விட்டதாக நான் எழுதி வைத்த பிள்ளை இரண்டரை மணி நேரமாக எனக்கு நாலடி பின்னால் இருந்திருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது வேறு ஒருமுறையும் இல்லை.

மேடம் எழுந்து வந்து என் மேசையில் இருந்த ரோஸ் தாள்களைப் புரட்டினார். அமுதாவின் தாளை எடுத்து, கூந்தலிலிருந்து பென்சிலை உருவி, தாளின் ஓரத்தில் வைத்தார். கட்டங்களுக்கு வெளியே, செங்குத்தாக, பொடிப்பொடியாகத் தபால்காரர் எழுதியிருந்தார். விலாசம் சரியில்லாத கடிதத்தில் எழுதிப் பழகிய கை. ‘மாமனுடன் கீழே மொட்டைக்கு அனுப்பியது.’

அந்தத் தாளை நான் கையில் வைத்துக்கொண்டுதான் தட்டச்சு செய்தேன். ஓரத்தில் ஏதோ எழுதியிருப்பது கண்ணில் பட்டது. அதற்குக் கட்டம் இல்லை, அதனால் படிக்கவில்லை.

படியேறினேன். எதிரே இறங்குகிறவர்கள், பக்கத்தில் காவடிகள், காதில் அரோகரா. முன்னூற்று அறுபத்தைந்து படியையும் அன்று நான் எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. மேலே அமுதா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், தோளில் கைக்குழந்தை. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. நகரிப் பக்கத்தில் தறி ஓட்டும் வீடு. மகளை எந்த மாமனோடு அனுப்பினாள் என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் கூடங்க. நீ கைப்புள்ளய எட்துகினு பஸ்ல மேல போயி வரிசைல நில்லு, நான் மொட்டை அடிச்சி இட்டுகினு வர்றேன்னு சொல்ச்சு. ரெண்டு பேரும் வரலீங்க."

"உன் பொண்ணுக்கு வீட்ல என்ன பேரு?"

"சின்னின்னு கூப்டுவோம்."

வா என்று கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்தேன். தப்பாகப் போய்விட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் பயம். வயதைத் தவிரப் பிள்ளையின் பெயர் ஒன்றுதான் ஒத்துப்போயிருந்தது, அதையும் ஒப்பிட வேண்டாம் என்று ஒதுக்கியவள் நான்.

வகுப்பறைக்குள் வந்ததும் அமுதா பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். பார்வை அந்தப் பிள்ளையையும் தாண்டிப் போனது. இல்லீங்க என்று என்னிடம் திரும்பினாள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் கடைசியாகப் பார்த்தது இரட்டை ஜடை, பச்சைப் பாவாடை. அதைத்தான் தேடினாள், நாங்கள் அதைத்தான் கேட்டிருந்தோம். மொட்டையையும் வேட்டியையும் பார்த்து ஜெயந்தி ஆண் என்று எழுதியிருந்தாள்.

பெஞ்சிலிருந்து பிள்ளை இறங்கியது. காலை முழுக்க ஜெயந்தியிடம் இரண்டு வார்த்தைதான் பேசியிருந்தது. கையில் பிஸ்கட்டோடு வந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, மாமா என் ஜடைய சாமிக்குக் குட்துட்டாரு."

அமுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவிப் பார்த்தாள், சந்தனமெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அழுதாள். ஜெயந்தி அழுதாள், நானும் அழுதேன். அண்ணன்காரர் கொஞ்ச நேரத்தில் நாங்கள் ஒலிபெருக்கியில் கூப்பிட்டதைக் கேட்டு வந்து சேர்ந்தார். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டு, தங்கை முகத்தில் விழிக்கப் பயந்து, மேலே போகாமல், பஸ் நிலையத்தில் கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸாக ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர்கள் கிளம்பும்போது மணி இரண்டே கால்.

அன்று சாயங்காலம் வரை கணினியை அணைத்து வைத்துவிட்டு, வருகிற எல்லாரிடமும் நேரிலேயே ஒரு கேள்வி கேட்டோம். பிள்ளையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அது என்ன செய்யப் போனது. கையில் என்ன இருக்கும் என்று மேடம் கேட்டதும் அப்போதுதான் விளங்கியது. வருகிறவர்களின் கையில் இன்னொரு பிள்ளை, காவடி, செருப்பு, தேங்காய்ப் பை. அவர்களால் கட்டம் கட்டமாக யோசிக்க முடியாது. நடந்ததைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார்கள்.

பிறகு பட்டம் வாங்கினேன், தட்டச்சு மேசையை விட்டு இந்த வேலைக்கு வந்தேன். பொதட்டூர்பேட்டையில் ஒரு சாயப்பட்டறைக்கு வேலை செய்தபோது, முதல் மூன்று நாள் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். கை எப்போதும் ஈரமாகவும் நீலமாகவும் இருக்கிற ஆட்கள் தாளில் எதையும் எழுத மாட்டார்கள். எந்தத் தொட்டியில் போட்ட நூல் என்பதற்கு நூலிலேயே ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு போட்டு வைப்பார்கள். என் படிவத்தில் முடிச்சு எண்ணிக்கை என்று ஒரு கட்டம் வைத்தேன். முதலாளி சிரித்தார், ஆனால் பட்டறையில் யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் வடிவமைத்த எதிலும் கணினி தானாக எதையும் முடிந்தது என்று குறிக்காது. வாங்கிக்கொண்டவர் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். இதனால் வேலை ஒரு படி கூடுகிறது என்று அலுவலகத்தில் எவ்வளவு பேர் என்னைக் கரித்துக் கொட்டினார்கள் என்று பிரியாவுக்குத் தெரியும், அவளும் ஒருத்தி.

அந்தத் திட்டப்பணியின் நேர்முகத்தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நான் வரைந்திருந்த படங்களைப் புரட்டிவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். கோமதி மேடம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் குழந்தை எத்தன மணிக்கு வீட்டுக்குப் போச்சு?"

"ரெண்டே கால் மேடம்."

"உங்க சிஸ்டம் என்ன சொல்லுது?"

"பத்தே முக்காலுக்கே போயாச்சுன்னு சொல்லுது."

வந்தவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அந்தப் பதிவைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு மதிப்பெண் சுமாராகத்தான் வந்தது, வந்தது நியாயம்.

அந்தப் பதிவை அச்சடித்த தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரையோடு அதன் நகலையும் வைத்திருக்கிறேன். பெயர் சின்னி, வயது நான்கு, ஆண், மொட்டை, மஞ்சள், தந்தை பெயர் நைனா, முடிந்தது. பிரியா, உங்கள் புது மென்பொருளிடம் இதைக் காட்டிப் பார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, அது ஒரு குறையும் சொல்லாது. இந்தத் தாளில் முடிந்தது என்று விழுந்த நேரத்தில் அந்தப் பெண் பிள்ளை எனக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டிருந்தது.